நாலு இஞ்ச் மெஷினும் ஒரு வேப்பமரமும்

எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற வேப்பமரத்தின் வேர் செப்டிக் டேங்க் சுவரைப் பிளந்துவிட்டது. வேறு வழியில்லாமல் வெட்டினோம். வெட்ட வந்தவர் விறகு விலைக்குக் கேட்டார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "நாப்பது வருசம் நிழல் கொடுத்த மரத்தை அடுப்புல வைக்கச் சொல்லுதியா?" என்று என்னைத்தான் கேட்டாள். கிளைகளை அவரிடமே விட்டுவிட்டு, ஏழடி நீள அடிமரத்தை மட்டும் குட்டியானையில் ஏற்றிச் செங்கோட்டைக்குக் கொண்டுபோனேன்.

செங்கோட்டைப் பக்கம் போனவர்களுக்கு அந்த மர அறுவை மில்களைத் தெரியும். நான் போன மில்லில் கிட்டத்தட்ட ஆள் உயரச் சக்கரம் மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டையும் சுற்றி ஓடுகிறது பல் வைத்த எஃகுப் பட்டை. அதுதான் பேண்ட் சா. மரம் தள்ளுவண்டியில் படுத்தபடி போகும், வரும். ஒரு தடவை போய் வந்தால் ஒரு பலகை. இரண்டு இஞ்ச் கனத்தில் ஐந்து, ஒரு இஞ்ச் கனத்தில் மூன்று, தோல் பக்கத் துண்டுகள் விறகுக்கு. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கன அடிக் கணக்கில் கூலி. வேம்பின் கசப்பு வாசனை சட்டையில் ஏறி இரண்டு நாள் போகவில்லை.

இவ்வளவு சுலபமா என்று நினைத்ததுதான் என் தப்பு. நாமும் ஒரு மெஷின் வாங்கி, இந்தப் பலகையில் ஒரு பெஞ்சும், பிளைவுட்டில் ஒரு புத்தக அலமாரியும் செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அதற்கப்புறம் மூன்று வருடத்தில் மூன்று அறுக்கும் மெஷின் வாங்கினேன். மூன்றும் நல்ல மெஷின்கள்தான். வாங்கிய வரிசைதான் முழுக்கத் தலைகீழ்.

முதலில் வாங்கியது ஜிக்சா. காரணம் வெட்கப்படும்படியானது. கடையில் இருந்த எல்லா மெஷினிலும் அதுதான் பார்க்கச் சாதுவாக இருந்தது. வட்டமாகச் சுற்றும் பிளேடு இல்லை. விரல் நீளத்தில் ஒரு குச்சி பிளேடு மேலும் கீழும் ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். தையல் மெஷின் மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. அப்படித் தோன்றியதில் தப்பில்லை. 1940களில் சுவிட்சர்லாந்தின் சின்டில்லா கம்பெனியில் வேலை பார்த்த ஆல்பெர்ட் காஃப்மன், வீட்டுத் தையல் மெஷினில் ஊசியை எடுத்துவிட்டு ரம்ப பிளேடை மாட்டிப் பார்த்ததில்தான் இது பிறந்தது என்று சொல்வார்கள். அந்தக் கம்பெனி பிறகு ஜெர்மனியின் பாஷ் கம்பெனியோடு சேர்ந்துவிட்டது.

தையல் மெஷின் துணியைத் தைக்கும்போது ஊசி வளையாது. 19 மி.மீ. பிளைவுட்டில் ஜிக்சா பிளேடு வளையும். மேல்முனையை மட்டும்தான் மெஷின் பிடித்திருக்கிறது, கீழ்முனை அந்தரத்தில் ஆடுகிறது. கொஞ்சம் அவசரப்பட்டுத் தள்ளினால், மேலே பென்சில் கோட்டில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் பிளேடு, அடியில் தன் இஷ்டத்துக்குச் சாய்ந்து போகும். மேலிருந்து பார்க்கிற நமக்கு அது தெரியாது.

எனக்குத் தெரியவைத்தவர் எங்கள் தெருவில் இருக்கும் தச்சு வேலைக்காரர். எங்கள் வீட்டு நிலையும் கதவும் அவர் செய்தவைதான். நான் அறுத்து அடுக்கிவைத்த அலமாரித் தட்டுகளைப் பார்க்க வந்தார். ஒன்றும் சொல்லாமல் பையிலிருந்து மூலைமட்டத்தை எடுத்து ஒரு தட்டின் ஓரத்தில் வைத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். மட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் ஆப்பு மாதிரி ஒரு வெளிச்சக்கீற்று.

"தம்பி, மேல போட்ட கோடு நேராத்தான் இருக்கு. கீழ உள்ள கோடு எங்க போச்சு?"

"ஜிக்சாவுலதான் அறுத்தேன் அண்ணாச்சி."

"அது வளைச்சு அறுக்கதுக்கு உள்ளது. நீங்க நேரா அறுக்கணும்னு அதப் போட்டுக் கொல்லுதீங்க."

அன்றைக்கு அவர் சொன்ன இன்னொன்றுதான் எனக்குப் பிறகு எல்லாவற்றுக்கும் அளவுகோலாக அமைந்தது. மெஷின் வாங்கும் முன்னால் ஒரே கேள்வி கேட்டுக்கொள்ளணுமாம்: மரம் மெஷின்கிட்ட வரப்போகுதா, மெஷின் மரத்துகிட்ட போகப்போகுதா? மேஜைக்கு நடுவில் வட்ட பிளேடு நீட்டிக்கொண்டு சுற்றும் டேபிள் சாவிலும், பேண்ட் சாவிலும் மெஷின் நின்ற இடத்தில் நிற்கும், மரத்தைத்தான் நகர்த்த வேண்டும். எட்டுக்கு நாலடி பிளைவுட் தாளை அப்படித் தள்ள முன்னும் பின்னும் எட்டெட்டு அடி இடம் வேண்டும், தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும். வட்ட பிளேடு வைத்த கைமெஷினான சர்க்குலர் சா, ஜிக்சா இரண்டிலும் மரம் கிடந்த இடத்தில் கிடக்கும், மெஷின் அதன்மேல் ஊர்ந்து போகும். எனக்கு இருப்பது பத்துக்கு எட்டடி திண்ணை. விடை அதிலேயே இருந்தது. எத்தனை வாட், எத்தனை ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) என்பதெல்லாம் இதற்கு அடுத்த கேள்விகள்.

ஆனால் பதிலைப் புரிந்துகொண்டும் மறுபடி தப்பாகத்தான் வாங்கினேன்.

இரண்டாவது மெஷின் அந்த நாலு இஞ்ச் கட்டர். நம் ஊரில் கட்டிங் மெஷின் என்று கேட்டால் கடைக்காரர் எடுத்து வைப்பது இதைத்தான். பெயர் மார்பிள் கட்டர். கல்லும் டைல்ஸும் அறுப்பதற்காகச் செய்தது. அதில் மரம் அறுக்கும் டிசிடி பிளேடை, அதாவது டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த பிளேடை மாட்டிக்கொண்டு இன்டீரியர் வேலை பார்ப்பவர்கள் பாதி தமிழ்நாட்டை மாடுலர் கிச்சனாக மாற்றிவிட்டார்கள். விலை குறைவு, எடை குறைவு, ஒரு கையிலேயே தூக்கலாம், மோட்டாருக்குள் இருக்கும் ஆர்மேச்சர் சுருள் எரிந்துபோனால் எந்த ஊரிலும் சுற்றிக் கொடுப்பார்கள். தினமும் அதைப் பிடித்தே கை பழகியவர்கள் அதில் அறுக்கிற நேர்த்தியைப் பார்த்தால் வேறு மெஷின் எதற்கு என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் தோன்றியிருக்காது. 110 மி.மீ. பிளேடு. மோட்டார் தலையும் அடித்தட்டும் போக மரத்துக்குள் இறங்குவது முப்பத்து சொச்சம் மி.மீ., ஒன்றேகால் இஞ்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வேப்பம்பலகை இரண்டு இஞ்ச். ஒரு பக்கம் அறுத்து, புரட்டிப்போட்டு, மறுபக்கம் அறுத்து, இரண்டு வெட்டும் நடுவில் சந்திக்க வேண்டும். சந்திக்காது. அரை மி.மீ. படி ஒன்று எப்போதும் நிற்கும். பிறகு இழைப்புளியை எடுத்து அந்தப் படியைச் சீவிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அடுத்தது வேகம். இந்த மெஷின்கள் நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடுபவை. 110 மி.மீ. வட்டத்துக்குக் கணக்கிட்டால் பிளேடின் விளிம்பு மணிக்கு கிட்டத்தட்ட 250 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. கல்லுக்கு வைத்த வேகம் அது. மரம் அறுக்கும் ஏழு இஞ்ச் சர்க்குலர் சா பெரும்பாலும் 5,000 சுற்று, விளிம்பு வேகம் 175 கி.மீ. பக்கம். அதைவிட முக்கியம், சர்க்குலர் சாவில் பிளேடின் கீழ்ப்பாதியை மூட ஸ்பிரிங் வைத்த ஒரு மூடி இருக்கும். மரத்தில் ஏறும்போது தானாகத் திறந்து, மரத்தைவிட்டு வெளியே வந்ததும் தானாக மூடிக்கொள்ளும். மார்பிள் கட்டரில் அது கிடையாது. கல் பிளேடுக்குப் பல் இல்லை, அதனால் தேவைப்படவில்லை. பற்றாததற்கு, சுவிட்சை அழுத்தியே வைக்கும் லாக் பட்டன் வேறு இருக்கும். மெஷின் கையைவிட்டுப் போனாலும் ஓடிக்கொண்டே இருக்கும்.

எனக்கு அது நடந்தது. இரண்டு இஞ்ச் பலகைகளை நிழலில், இடையிடையே ரீப்பர் கொடுத்து அடுக்கிவைத்திருந்தேன். ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரு வருடம் காய வேண்டும் என்பது தச்சு வேலையில் பழைய கணக்கு. நான் நாலு மாதத்தில் எடுத்துவிட்டேன். பலகையை நீளவாக்கில், நார் ஓடும் திசையில் பிளக்க ஆரம்பித்தேன். இரண்டடி போயிருக்கும். சரியாகக் காயாத மரத்துக்குள் இழுபறி உண்டு. அறுத்த பிளவு பின்னாலேயே மெல்ல மூடிக்கொண்டு வந்து பிளேடைக் கவ்வியது. அடுத்த கணம் மெஷின் மரத்தைவிட்டு எகிறி என் பக்கம் வந்தது. கிக்பேக் என்ற வார்த்தையை அதற்குப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். நல்லவேளை, நேர் பின்னால் நிற்காமல் சற்று ஒதுங்கி நின்றிருந்தேன். மெஷின் திண்ணைத் தரையில் விழுந்து, லாக் பட்டன் போட்டிருந்ததால் நின்ற பாடில்லை, சிவப்புத் தரையில் ஒரு சாண் நீளத்துக்குப் பிறை மாதிரி ஒரு வெட்டுப் போட்டுவிட்டு, ஒயர் பிடுங்கிக்கொண்ட பிறகுதான் ஓய்ந்தது. அந்தப் பிறை இப்போதும் இருக்கிறது. அம்மா அதன்மேல் கோலம் போடுவதில்லை, சுற்றிப் போடுகிறாள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மார்பிள் கட்டராவது பரவாயில்லை, அடித்தட்டு என்று ஒன்று இருக்கிறது. இரும்பு அறுக்கிற ஆங்கிள் கிரைண்டரில் பல் வைத்த மர பிளேடை மாட்டி அறுப்பவர்களைப் பார்க்கிறேன். தாங்க ஒரு தட்டு இல்லை, ஆழம் நிறுத்த வழியில்லை. மூடியைக் கழற்றிவிட்டுப் பெரிய பிளேடு மாட்டுகிறவர்களும் உண்டு. அதை எந்தக் காரணத்துக்கும் செய்யாதீர்கள்.

சரி, மூன்றாவது மெஷின். முதலிலேயே வாங்கியிருக்க வேண்டியது. ஏழேகால் இஞ்ச் சர்க்குலர் சா, 185 மி.மீ. பிளேடு, நாலு கிலோ எடை. நேர் வெட்டில் 65 மி.மீ. வரை, 45 டிகிரி சாய்த்து அறுத்தால் 45 மி.மீ. பக்கம் இறங்கும். இரண்டு இஞ்ச் வேம்பு ஒரே ஓட்டத்தில் முடிந்தது. கையில் பிடிக்கிற இந்த மெஷினுக்குப் பின்னால் ஒரு கரும்புக் கதை உண்டு. 1920களில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் பக்கம், வெயிலில் கரும்பு வெட்டுகிறவர்கள் படும் பாட்டைப் பார்த்த எட்மண்ட் மிஷெல், வெட்டரிவாளில் மோட்டாரும் சின்ன ரம்பமும் பொருத்திப் பார்த்தார். கரும்புக் காட்டில் அது நிலைக்கவில்லை. தச்சர்கள் கைக்கு வந்து, ஸ்கில்சா என்ற பெயரில் ஊரை ஆண்டது.

சர்க்குலர் சா வாங்கியதும் எல்லாம் நேராகிவிடும் என்று நினைக்க வேண்டாம். வெறும் கையால் எட்டடிக்கு நேராகத் தள்ள யாராலும் முடியாது. அண்ணாச்சியாலும் முடியாது, அவரே சொல்வார். நேர்கோடு மெஷினில் இல்லை, அது ஓட்டி நகர்கிற சட்டத்தில்தான் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் அலுமினிய டிராக் இருக்கிறது. நான் கொத்தனாரின் அலுமினிய மட்டப்பலகையை இரண்டு சி கிளாம்ப் போட்டு இறுக்கி ஆரம்பித்தேன். பிறகு பிளைவுட்டிலேயே ஒன்று செய்துகொண்டேன். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் செலவழித்ததில் அதிகப் பலன் கொடுத்தது இந்த மிச்சத் துண்டுதான்.

பிளைவுட் தாளின் நீள ஓரம் கம்பெனியிலேயே நேராக அறுத்து வருவது. 12 மி.மீ. தாளில் அந்த ஓரத்தையும் சேர்த்து நாலு இஞ்ச் அகலத்துக்கு எட்டடிப் பட்டை ஒன்று அறுத்துக்கொள்ளுங்கள். நாம் அறுத்த பக்கம் கோணலாக இருந்தாலும் கவலையில்லை. இதை 6 மி.மீ. பிளைவுட்டில் ஓரடிக்கு மேல் அகலமான இன்னொரு பட்டையின் மேல், ஓர் ஓரமாக, பசை தடவி ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். கம்பெனி ஓரம் நடுப்பக்கம் பார்க்க வேண்டும். இப்போது மெஷினின் அடித்தட்டை அந்த ஓரத்தில் ஒட்டவைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தள்ளுங்கள். 6 மி.மீ. பட்டையில் அதிகப்படியாக நீட்டிக்கொண்டிருப்பது அறுபட்டு விழும். மீதி நிற்கிற ஓரம்தான் உங்கள் மெஷினின் வெட்டுக்கோடு. அந்த மெஷினுக்கும் அந்த பிளேடுக்கும் மட்டும் பொருந்துகிற கோடு. இனிமேல் பென்சில் கோட்டில் இந்த ஓரத்தை வைத்து கிளாம்ப் போட்டால் போதும், அளந்து கழிக்க வேண்டியதில்லை. இன்னொரு லாபம், அந்த ஓரம் பிளைவுட் மேல்தோலை அமுக்கிப் பிடித்துக்கொள்வதால் சில்லு பெயர்வதும் குறைகிறது.

சில்லு என்றதும் மைக்கா ஞாபகம் வருகிறது. மைக்கா ஒட்டிய பலகையை அறுத்து ஓரம் முழுக்கப் பல்லுப் பல்லாகப் பெயர்ந்து நின்றதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. சர்க்குலர் சாவின் பல் கீழிருந்து மேலே ஏறி வெட்டுகிறது, ஆகையால் மேல்முகம்தான் பெயரும். நல்ல முகத்தைக் கீழே கவிழ்த்துப் போட்டு அறுக்க வேண்டும். ஜிக்சாவும் அப்படித்தான். டேபிள் சாவில் நேர்மாறு, நல்ல முகம் மேலே. கவிழ்க்க முடியாத இடங்களுக்கு ஜிக்சாவில் டி101பிஆர் என்று தலைகீழ்ப் பல் வைத்த பிளேடு கிடைக்கிறது. ஜிக்சாவோடு கூட வந்த பிளேடை வைத்துக்கொண்டு மெஷினைத் திட்டுகிறவர்கள் ஒருதரம் சுத்தமான வெட்டுக்கு உரிய டி101பி பிளேடை மாட்டிப் பார்க்கலாம். கனமான பலகையைச் சொரசொரப்பாக இருந்தாலும் வேகமாக அறுக்க டி144டி. பிளேடை முன்னும் பின்னும் ஆட்டுகிற பெண்டுலம் குமிழ் இருந்தால் பிளைவுட்டுக்கு அதைப் பூஜ்யத்தில் வைக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்த பிறகு என் ஜிக்சா திடீரென்று நல்ல மெஷினாகிவிட்டது. சிங்க் வைக்க ஓட்டை போட, பெஞ்சுக் காலை வளைத்து எடுக்க அதைவிட்டால் ஆள் இல்லை.

சர்க்குலர் சா பிளேடிலும் இதே கதை. ஏழு இஞ்சில் 24 பல், 40 பல், 60 பல் என்று இருக்கும். பல் கூடினால் நல்லது என்று 60 பல் வாங்கி, அதில் வேம்பை நீளவாக்கில் பிளந்தேன். புகை வந்தது, அறுத்த ஓரம் தீய்ந்து கறுத்தது. நார் ஓடும் திசையில் அறுக்கும்போது நீள நீளத் தூள் வரும், அதை அள்ளிக்கொண்டு வெளியே போட பல்லுக்கு நடுவில் பெரிய குழி வேண்டும். 60 பல்லில் குழிக்கு இடமேது? அதனால் நீளவாக்குக்கு 24, பிளைவுட்டுக்கும் மைக்காவுக்கும் 60, ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 40. பிளேடில் அச்சடித்திருக்கும் உச்ச ஆர்பிஎம் உங்கள் மெஷினின் வேகத்தைவிடக் கூடுதலா என்று பாருங்கள். நடு ஓட்டை எல்லா மெஷினுக்கும் ஒன்றல்ல, பழைய பிளேடைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது உத்தமம்.

பிளேடு மரத்தைத் தின்னும் என்பதும் எனக்கு ஓர் அலமாரி கெட்ட பிறகுதான் உறைத்தது. 96 இஞ்ச் பலகையில் 16 இஞ்ச் வீதம் ஆறு தட்டு என்று ஐந்து கோடும் மொத்தமாகப் போட்டு வைத்துவிட்டு அறுத்தேன். ஐந்து வெட்டு, வெட்டுக்கு இரண்டரை மி.மீ. ஆறு தட்டிலும் சேர்த்து அரை இஞ்ச் காணோம். ஒரு வெட்டு முடிந்த பிறகுதான் அடுத்த கோடு போட வேண்டும் என்று அண்ணாச்சியின் கையாள் பையனுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

வீட்டுக் கரன்டையும் மறக்கக் கூடாது. 1,400 வாட் மெஷின் 230 வோல்ட்டில் ஆறு ஆம்பியர் இழுக்கும், ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைவிட மிக அதிகம். படுக்கையறை ஆறு ஆம்பியர் பிளக்கில், மெல்லிசு எக்ஸ்டென்ஷன் ஒயரில் போட்டால் மெஷின் முனகும், ஒயர் சுடும். பவர் பிளக்கிலிருந்து 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயரில் எக்ஸ்டென்ஷன் எடுங்கள், சுருளை முழுக்கப் பிரித்துவிட்டு ஓட்டுங்கள். சாயங்காலம் வோல்டேஜ் இறங்குகிற ஊர் என்றால் கனமான பலகையைக் காலையில் அறுப்பது ஆர்மேச்சருக்கு நல்லது.

பேட்டரி மெஷின் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் அபிப்பிராயம்: ஏற்கெனவே அதே பேட்டரியில் டிரில் வைத்திருந்தால் வாங்கலாம். பெட்டியில் 18 வோல்ட் என்று ஒருவரும் 20 வோல்ட் என்று இன்னொருவரும் போட்டிருப்பார்கள். இரண்டிலும் இருப்பது ஐந்து செல். ஓடும்போதுள்ள அளவு 18, முழு சார்ஜ் ஏறிய உச்சம் 20 சொச்சம். அதற்காகக் கூடக் காசு கொடுக்காதீர்கள்.

பிளேடை மேலிருந்து இறக்கிக் குறுக்கே வெட்டும் மைட்டர் சாவைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை. போட்டோ பிரேம், பீடிங், ரீப்பர் என்று ஒரே அளவில் ஐம்பது துண்டு குறுக்கே வெட்டுகிறவருக்கு அது வரப்பிரசாதம். பத்து இஞ்ச் சாதாரண மாடலில் அஞ்சு, அஞ்சரை இஞ்ச் அகலத்துக்கு மேல் போகாது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். செயின் சா மரம் வெட்டுகிறவருக்கு உள்ளது. ஒக்கியிலும் கஜாவிலும் சாய்ந்த மரங்களை அப்புறப்படுத்திய நாட்களில் அதன் சத்தத்தை ஊரே கேட்டது. தச்சு வேலைக்கு அது வேண்டாம்.

டேபிள் சாவுக்கு நான் ஆசைப்பட்டேன். மறைக்கவில்லை. ஒரே அகலத்தில் இருபது பட்டை பிளக்க அதைப் போல வசதி வேறு கிடையாது. அண்ணாச்சி தன் பட்டறையில் ஒரு மேஜையில் மோட்டார் கட்டி வைத்திருக்கிறார். அதைப் பார்க்கப் போன அன்றைக்குத்தான் அவருடைய இடது ஆள்காட்டி விரலைக் கவனித்தேன். நகம் இருக்க வேண்டிய இடம் வழுவழுவென்று முடிந்திருந்தது. இத்தனை வருடம் பழகியும் அதுவரை பார்க்கவில்லை. என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார். கடைசிப் பட்டை, சின்னத் துண்டு, கையாலேயே தள்ளினாராம். தள்ளுகட்டை பக்கத்திலேயே இருந்ததாம். "எடுக்கதுக்கு ஒரு நிமிசம் சோம்பல் தம்பி."

டேபிள் சாவில் பிளேடுக்குப் பின்னால் அதே கனத்தில் ஒரு தகடு நிற்க வேண்டும். என் வேப்பம்பலகை செய்த மாதிரி அறுத்த பிளவு மூடிக்கொள்ளாமல் அது தடுக்கும். ரிவிங் நைஃப் என்று பெயர். நம் பட்டறைகளில் கட்டுகிற மேஜைகளில் இது அநேகமாக இருக்காது. அமெரிக்காவில் ஸ்டீபன் காஸ் என்பவர் 1999இல் ஒரு வழி கண்டுபிடித்தார். விரல் பட்டால் பிளேடில் ஓடும் சின்ன மின்சார சமிக்ஞை மாறும், உடனே ஒரு அலுமினியக் கட்டை பாய்ந்து பல்லில் சொருகி ஐந்து மில்லி செகண்டுக்குள் பிளேடை நிறுத்திவிடும். சாஸேஜ் துண்டை வைத்துத்தான் செய்துகாட்டுவார்கள். சாஸேஜில் கீறல் மட்டும் விழும், பிளேடும் கட்டையும் வீண். சாஸ்டாப் என்று அதன் பெயர். எங்கள் பக்கத்துக் கடைகளில் நான் பார்த்ததில்லை.

கடைசியில் டேபிள் சா வாங்கவில்லை. பட்டை பிளக்க வேண்டிய மரத்தை மொத்தமாகச் சேர்த்துவைத்து மில்லுக்கே கொண்டுபோகிறேன். அவர்கள் அரை மணியில் முடிப்பதை நான் திண்ணையில் இரண்டு நாள் தள்ளிக்கொண்டிருப்பதில் ஒரு பெருமையும் இல்லை. மெஷின் வாங்கும் ஆலோசனை சொல்கிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை: சில வெட்டுகளை நாம் வெட்டாமல் விட்டுவிடலாம்.

தூசி பற்றி ஒரு வார்த்தை. வாகைப் பலகை ஒன்றை அறுத்துவிட்டு அன்று ராத்திரி முழுக்கத் தும்மினேன். வாகைக்கு அந்தக் குணம் உண்டு என்று பிறகு சொன்னார்கள். பொதுவாகவே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கிறது. கர்ச்சீப் கட்டிக்கொள்வது போதாது, என்95 மாஸ்க் வேண்டும். கண்ணாடி வேண்டும், காதுக்கும் ஏதாவது வேண்டும். கையுறை வேண்டாம். சுற்றுகிற பிளேடில் கையுறையின் நூல் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். லுங்கி, துண்டு, தொளதொள சட்டை எதுவும் கூடாது. நான் இப்போது பழைய டிராயரோடுதான் அறுக்கிறேன். கேட் பக்கம் யாராவது வந்தால் ஓடிப்போய் வேட்டி கட்டிக்கொள்கிறேன்.

போன மாதம் சென்னையிலிருந்து அத்தை மகன் போன் செய்தான். அவனுக்கும் ஆசை வந்துவிட்டது, என்ன மெஷின் வாங்கலாம் என்று கேட்டான்.

"என்னடா செய்யப் போறே?"

"கட்டில் அண்ணா. அப்புறம் டிவி ஸ்டாண்டு."

"எங்க வச்சு அறுப்பே?"

அவன் பேசவில்லை. மூன்றாவது மாடி, இரண்டு பெட்ரூம், பால்கனியில் வாஷிங் மெஷின். மொட்டை மாடியில் அசோசியேஷன் விடுமா என்று கேட்டுச் சொல்கிறேன் என்றான். இதுவரை சொல்லவில்லை. விட்டால் சர்க்குலர் சா ஒன்று, 40 பல் பிளேடு ஒன்று, இரண்டு சி கிளாம்ப். விடவில்லை என்றால் பிளைவுட் கடையிலேயே அளவு கொடுத்து அறுத்து வாங்கிக்கொள், டிரில் மட்டும் போதும் என்று சொல்வதாக இருக்கிறேன்.

வேப்பம் பெஞ்ச் முடிந்துவிட்டது. மீதிப் பலகைகள் முழுசாக இரண்டு வருடம் காய்ந்த பிறகுதான் தொட்டேன். ஒரு கால் மட்டும் கொஞ்சம் குட்டை, அது ஜிக்சா காலத்துக் கால், அடியில் மடித்த அட்டை வைத்திருக்கிறது. அம்மா தினமும் சாயங்காலம் அதில்தான் உட்கார்ந்து கீரை ஆய்கிறாள். அந்த நாலு இஞ்ச் மெஷின் இப்போது வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டில் பாத்ரூமுக்கு டைல்ஸ் போடுகிறார்கள், கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். மர பிளேடைக் கழற்றிவிட்டுக் கல் பிளேடு மாட்டியிருக்கிறார்கள். காலையிலிருந்து அதன் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, வெள்ளைத் தூசி காம்பவுண்டைத் தாண்டி எங்கள் முருங்கை இலையில் படிகிறது.